ஓரம் பேந்ததுக்கு "ப்ரோக்கன்"னு எழுதலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யூனிட்ல டாக்குமென்ட் வேலை பாக்கறேன். ஸ்கூல் பூரா தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். போன மாசம் வெளிநாட்டுக்கு போன கன்டெய்னர்ல ஏழு ஸ்லாப்புக்கு ஓரம் பேந்துபோச்சுனு பையர் போட்டோ அனுப்பினாங்க. நான் இன்சூரன்ஸுக்கு "செவன் ஸ்லாப்ஸ் ப்ரோக்கன் இன்டு ஸ்மால் பீசஸ்"னு மெயில் போட்டுட்டேன். அங்க சர்வேயர் போய் பாத்தா ஏழும் முழுசா நிக்குது, ஓரத்துல மட்டும் சில்லு போயிருக்கு. இப்ப நீங்க எழுதினது ஒண்ணு இருக்கறது ஒண்ணுன்னு க்ளெய்ம நிறுத்தி வெச்சிருக்காங்க. டிக்ஷனரி எடுத்தா சிப், ஷார்டு, ஸ்பிளின்டர், ஃப்ளேக், ஃப்ராக்மென்ட் எல்லாத்துக்கும் துண்டு, சில்லு, துணுக்குன்னே மாத்தி மாத்தி போட்டிருக்கு. எப்படி பிரிச்சு எழுதறது? எங்க அக்கா தர்மபுரில நர்ஸ், அவங்களுக்கும் ரிப்போர்ட் எழுதறப்ப இதே குழப்பம்தான்.

பதில்: தம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனி ஸ்டாஃபுக்கு ஆஃபீஸ் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கறதுதான் என் தொழில், டேமேஜ் ரிப்போர்ட்னு வந்தா நீங்க மாட்டின இடத்துலதான் நெறைய பேர் மாட்டறாங்க. நீங்க துண்டுக்கு என்ன பேருன்னு தேடறீங்க. உங்க க்ளெய்ம் நின்னது "பீசஸ்"ங்கற வார்த்தையால இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கற "ப்ரோக்கன் இன்டு"னால. அத படிக்கறவன் கண்ணுக்கு ஸ்லாப்பே இல்ல, வெறும் கல்லு குவியல்தான் தெரியும். ஓரத்துல பேந்து விழுந்த சில்லு என்ன சைஸ், என்ன பேருங்கறதெல்லாம் இன்சூரன்ஸ்காரனுக்கு ரெண்டாவது விஷயம், அவன் மொதல்ல கேக்கறது மிச்சம் நிக்கற ஸ்லாப் விக்கற நெலமைல இருக்கா இல்லையாங்கறதுதான்.

உங்க யார்டுல கல்லு ஏத்தி எறக்கறவங்க பேசறத கவனிச்சு பாருங்க. ஓரம் பேந்துச்சு, விரிசல் விட்டுச்சு, ரெண்டா போச்சு, நொறுங்கிப்போச்சு, நாலும் தனித்தனி, ஒருத்தரும் மாத்தி சொல்லமாட்டாங்க. இங்கிலீஷ்லயும் அதே நாலு அப்படியே இருக்கு. ஓரம் பேந்தா சிப்டு. விரிசல் விட்டு ஆனா ஒட்டிக்கிட்டே இருந்தா க்ராக்டு. பிரிஞ்சு ரெண்டு மூணா போனா ப்ரோக்கன். கண்ணாடி மாதிரி பலதா தெறிச்சு நொறுங்கினா ஷேட்டர்டு. தமிழ்ல சரியா பிரிச்சு சொல்ற ஆளு இங்கிலீஷுக்கு போனதும் தெரிஞ்ச ஒரே வார்த்தைய புடிச்சு எல்லாத்துக்கும் ப்ரோக்கன்னு போட்டுடறாங்க, காசு அங்கதான் போகுது. இந்த நாலையும் மொதல்ல பழகுங்க, துண்டுகளோட பேரு அப்புறமா தானா வரும்.

சிப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், உங்க தொழில்ல தினமும் வர்ற வார்த்தை. இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, பேந்து விழுந்த சில்லும் சிப்தான், அது பேந்த இடத்துல விழுந்த பொக்கையும் சிப்தான். "எ சிப் ஆஃப் ஸ்டோன்"னா கீழ கிடக்கற சில்லு. "எ சிப் இன் தி எட்ஜ்"னா ஓரத்துல இருக்கற பொக்கை. காப்பி கப்போட விளிம்புல கொஞ்சம் போயிருந்தா "தேர் இஸ் எ சிப் இன் தி கப்"ம்பாங்க, அத கேட்டு கப்புக்குள்ள ஏதோ கிடக்குன்னு எட்டி பாக்கக்கூடாது. நம்ம சில்லுங்கற வார்த்தை விழுந்த துண்ட மட்டும்தான் சொல்லும், அதனால நம்மாளுங்க இந்த ரெண்டாவது அர்த்தத்த பயன்படுத்தறதே இல்ல, "ஸ்மால் பீஸ் இஸ் மிஸ்ஸிங் இன் தி கார்னர் சைட்"னு சுத்தி வளைச்சு எழுதறாங்க. "சிப்டு கார்னர்", அவ்வளவுதான், ரெண்டே வார்த்தை. இன்னொண்ணு, ரோட்டுல லாரி டயர்ல இருந்து கல்லு தெறிச்சு கார் கண்ணாடில விழற புள்ளி இருக்கே, அதயும் பிரிட்டிஷ்காரங்க ஸ்டோன் சிப்னுதான் சொல்வாங்க. புதுசா ஜல்லி போட்ட ரோட்டுல "லூஸ் சிப்பிங்ஸ்"னு அங்க போர்டு வெப்பாங்க. சாப்பிடற சிப்ஸ்ல ஒரு சிக்கல் இருக்கு, நம்ம பாக்கெட் சிப்ஸுக்கு பிரிட்டன்ல க்ரிஸ்ப்ஸ்னு பேரு, அங்க சிப்ஸ்னு கேட்டா சூடா உருளைக்கிழங்கு விரல் நீளத்துக்கு பொரிச்சு வரும், அமெரிக்காவுல நம்ம மாதிரியேதான்.

கல்லு விஷயத்துல மட்டும் இன்னும் ரெண்டு வார்த்தை உங்களுக்கு அவசியம் தெரியணும், ஏன்னா இத மாத்தி எழுதினா தப்பே இல்லாத கல்லுக்கு நீங்களே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒண்ணு ஃபிஷர். பாரடைசோ மாதிரி அலை அலையா ஓடற கல்லுல இயற்கையாவே மெல்லிசா ஒரு கோடு ஓடும், பாக்கறதுக்கு விரிசல் மாதிரியே இருக்கும், ஆனா அது மண்ணுக்குள்ள கல்லு உருவானப்பவே வந்தது. அதுக்கு ஸ்டோன் ட்ரேட்ல ஃபிஷர்னு பேரு. க்ராக்னா வெட்டும்போதோ ஏத்தும்போதோ அடி வாங்கி விட்டது. பையர் போட்டோ அனுப்பி "க்ராக்"னு கேட்டா அவசரத்துல "எஸ், க்ராக் இஸ் தேர், சாரி"னு பதில் போடாதீங்க, மொதல்ல க்வாலிட்டி பாக்கறவங்கள கூப்பிட்டு இது ஃபிஷரா க்ராக்கானு கேளுங்க, அப்புறம் எழுதுங்க.

இன்னொண்ணு பிட், அதாவது குழி. பாலிஷ் போட்ட மேல்பரப்புல பொடி பொடியா குழி இருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாதான் தெரியும். இது எப்படி வருதுன்னா, கிரானைட்ல கறுப்பா மின்னுதே பயோடைட், நம்ம ஊர்ல காக்காப்பொன்னுன்னு சொல்ற அப்ரக ஜாதி, அது பக்கத்துல இருக்கற குவார்ட்ஸ் மாதிரி கெட்டி கிடையாது, ஏடு ஏடா அடுக்கி வெச்சிருக்கும், பாலிஷ் வீல் தேய்க்கும்போது மேல் ஏடு கழண்டு வந்துடும், அந்த இடம் குழியா நிக்கும். அந்த ஏட்டுக்குத்தான் ஃப்ளேக்னு பேரு. தட்டையா, மெல்லிசா, மேல்பரப்புல இருந்து உரிஞ்சு வர்றது எதுவா இருந்தாலும் ஃப்ளேக், சுவத்துல பெயிண்ட் பொரிஞ்சு உரிஞ்சா ஃப்ளேக், இரும்பு துரு ஏடா வந்தா ஃப்ளேக், பனி விழறது ஸ்னோஃப்ளேக், கார்ன்ஃப்ளேக்ஸும் தட்டையா இருக்கறதனாலதான் அந்த பேரு. ஆக, ஓரத்துல போனது சிப், பரப்புல உரிஞ்சது ஃப்ளேக், உரிஞ்ச இடம் பிட். இந்த மூணையும் சரியா போட்டு ஒரு மெயில் எழுதினீங்கன்னா எதிர்ல இருக்கறவருக்கு இவருக்கு கல்லு தெரியும்னு ஒரு மரியாதை வரும், அது க்ளெய்ம் பேச்சுல ரொம்ப உதவும்.

இப்ப நின்னுபோன க்ளெய்முக்கு வர்றேன். பழைய மெயில மறைக்கவோ சுத்தி விளக்கம் சொல்லவோ வேண்டாம், நேரா ஒரு திருத்தம் அனுப்புங்க, அஞ்சு வரி போதும். "ப்ளீஸ் ரீட் திஸ் இன் ப்ளேஸ் ஆஃப் அவர் எர்லியர் மெயில். செவன் ஸ்லாப்ஸ் ஹேவ் சிப்டு எட்ஜஸ். ஆல் செவன் ஸ்லாப்ஸ் ஆர் இன்டாக்ட். நோ க்ராக்ஸ் ஆர் விசிபிள் ஆன் தி பாலிஷ்டு ஃபேஸ். தி லார்ஜஸ்ட் சிப் இஸ் அபவுட்"னு போட்டு அளவ மில்லிமீட்டர்ல கொடுங்க. நான் சொன்னேன்னு "நோ க்ராக்ஸ்" வரிய அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, சர்வேயர் ரிப்போர்ட்லயும் போட்டோவுலயும் விரிசல் இல்லன்னு உறுதியா தெரிஞ்சாத்தான் அந்த வரி. இதுல "இன்டாக்ட்"ங்கறது ரொம்ப முக்கியம், முழுசா இருக்குன்னு ஒரே வார்த்தைல சொல்லிடும். "ஸ்லைட்லி டேமேஜ்டு"ன்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அது பிடிக்கறதே இல்ல, ஏன்னா உங்களுக்கு ஸ்லைட்டா தெரியறது அவருக்கு பெருசா தெரியும், அளவு கொடுத்துட்டா அந்த சண்டையே வராது.

சரி, துண்டுகளோட பேருக்கு வருவோம். டிக்ஷனரி எல்லாத்துக்கும் துண்டுன்னு போட்டது பொய் இல்ல, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பொருளோட ஒட்டிக்கிட்டு இருக்கும், எதோட துண்டுன்னு கேட்டா பாதி வேலை முடிஞ்சிடும். நம்மகிட்ட மட்டும் என்ன, அரிசி உடைஞ்சா நொய்யி, குருணை, பானை உடைஞ்சா ஓடு, மரம் இழைச்சா சுருள், அறுத்தா தூள், கை வெரல்ல ஏறினா சிராய். களிக்கு நொய்யி போடுன்னு சொல்ற எடத்துல அரிசித் துண்டு போடுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?

கண்ணாடி, பீங்கான், மண்பானை உடைஞ்சு கூர்முனையா கிடக்கற துண்டு ஷார்டு. அதுல ஆபத்துங்கறது கூடவே வரும், கால்ல குத்தும்ங்கற எச்சரிக்கை அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. அதனால கல்லுக்கு இத போடாதீங்க, கிரானைட் சில்ல ஷார்டுன்னு எழுதினா ஏதோ கத்தி மாதிரி படிக்கறவருக்கு தோணும். லண்டன்ல 310 மீட்டர் உயரத்துக்கு கண்ணாடி மூடின ஒரு கோபுரம் நிக்குது, பேரே தி ஷார்டு, ரென்ஸோ பியானோங்கற இத்தாலிக்காரர் டிசைன் பண்ணினது. மேல போகப்போக கூம்பி உச்சில கண்ணாடி தகடுங்க ஒண்ணோட ஒண்ணு சேராம விட்டு விட்டு நிக்கும், படத்த ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அந்த வார்த்தை எந்த ஷேப்ப சொல்லுதுன்னு மறக்கவே மறக்காது. பழம்பொருள் ஆராய்ச்சிக்காரங்க மட்டும் பானை ஓட்டுக்கு ஷெர்டுன்னு எழுதுவாங்க, இல்லன்னா பாட்ஷெர்டு, அதுவும் இதே வார்த்தையோட இன்னொரு வடிவம்தான். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைல கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172ன்னு 2022 மே மாசம் சட்டமன்றத்துல அறிவிச்சாங்களே, அந்த மாதிரி அகழாய்வு பத்தி இங்கிலீஷ்ல படிக்கும்போது பக்கத்துக்கு பக்கம் ஷெர்ட்ஸ், ஷெர்ட்ஸ்னு வரும். ஸ்பெல்லிங் தப்புன்னு நெனச்சுடாதீங்க.

கண்ணாடின்னா எல்லாமே ஷார்டு கிடையாது. தொப்பூர் கணவாய் பக்கம் ஆக்சிடென்ட் ஆன வண்டிய பாத்திருப்பீங்க. முன் கண்ணாடி லேமினேட்டட், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும், அதனால வலை மாதிரி விரிசல் விட்டு அப்படியே தொங்கும், அது க்ராக்டு. பக்கத்து கண்ணாடி டஃபண்டு, அது அடி வாங்கினா மொத்தமா கல்கண்டு மாதிரி உதிர்ந்து சீட்டு பூரா கொட்டி கிடக்கும், அது ஷேட்டர்டு, ஆனா அந்த துண்டுங்க ஷார்டு இல்ல, நீளமா கூரா ஆகாம மொண்ணையா உடையணும்னுதான் அந்த கண்ணாடிய சூடு பண்ணி சட்டுன்னு ஆற வெச்சு செய்யறாங்க. ரிப்போர்ட்ல "ஸ்மால் க்யூப்ஸ் ஆஃப் டஃபண்டு க்ளாஸ்"னு எழுதினா போதும். வீட்டு ஜன்னல் கண்ணாடி, டியூப் லைட், ஜூஸ் பாட்டில், இதுங்க உடைஞ்சா ஷார்டு.

மரத்துக்கு ஸ்பிளின்டர். நார் வாட்டத்துல கிழிஞ்சு நீளமா ஊசியா நிக்கறது. உங்க யூனிட்ல பேக்கிங் மரச்சட்டத்த வெறுங்கையால தூக்கறவங்க வெரல்ல ஏறும் பாருங்க, அதுதான். எலும்பும் ஸ்பிளின்டர் ஆகும். கட்சி உடைஞ்சு ஒரு கோஷ்டி தனியா போனாலும் ஸ்பிளின்டர் க்ரூப்னு பேப்பர்ல எழுதுவாங்க, நம்ம ஊர் அரசியல் நியூஸ் இங்கிலீஷ்ல படிச்சா அடிக்கடி கண்ணுல படும்.

அதவிட மெல்லிசா சீவல் மாதிரி இருந்தா ஸ்லிவர். இந்த வார்த்தைய கவனமா டைப் பண்ணுங்க, எஸ்ஸுக்கு அடுத்து எல், ஐ. மாத்தி போட்டா சில்வர் ஆயிடும், ஸ்பெல் செக்கும் காட்டிக்கொடுக்காது, ஏன்னா ரெண்டுமே சரியான வார்த்தை. "ஸ்லிவர் ஆஃப் க்ளாஸ்"னு எழுத வேண்டிய எடத்துல "சில்வர் ஆஃப் க்ளாஸ்"னு போன கம்ப்ளெயின்ட் மெயில நான் பாத்திருக்கேன். ஸ்லிவர் எப்பவும் ஆபத்துன்னு இல்ல, கேக்குல மெல்லிசா ஒரு கீத்து கொடுன்னாலும் "ஜஸ்ட் எ ஸ்லிவர்"தான்.

ஓசூர் பக்கம் லேத்து, மில்லிங்ல வேலை பாக்கறவங்களும் இத படிப்பீங்க, அதனால ஒரு வார்த்தை. மெஷின்ல சுருள் சுருளா வர்ற இரும்பு கழிவ ஷாப் ஃப்ளோர்ல சிப்ஸ்னு சொல்றீங்க, அது சரிதான். பிரிட்டிஷ்காரன் ஸ்வார்ஃப்ம்பான், இன்னும் சில பேர் டர்னிங்ஸ்ம்பாங்க, அரத்துல ராவினா வர்றது ஃபைலிங்ஸ். ஆனா பிசிர் வேற. பிசிருக்கு பர்னு பேரு, அது விழுந்த துண்டு இல்ல, ஜாப்போட, அதாவது மெஷின்ல செஞ்ச பொருளோட, ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கறது. "சிப்ஸ் ஃபவுண்ட் ஆன் எட்ஜ்"னு எழுதினா கஸ்டமர் காத்தடிச்சு துடைச்சா போயிடும்னு நெனைப்பான், "பர் ஆன் எட்ஜ்"னு எழுதினாத்தான் டீபர்ரிங் பண்ணணும், அதாவது பிசிர எடுக்கணும்னு அவனுக்கு புரியும்.

ரொட்டி, கேக், பிஸ்கட் உதிர்ந்தா க்ரம்ப். சொல்லும்போது க்ரம்னு நிறுத்திடணும், கடைசி பி சத்தம் வராது. ஆனா க்ரம்பிள்னு வினைச்சொல்லா வந்தா பி வரும். க்ரம்பிள் நல்ல உபயோகமான வார்த்தை, பழைய சுவத்து பூச்சு கை வெச்சா பொலபொலன்னு உதிருதே, அது க்ரம்ப்ளிங். மண்கட்டி உதிர்றதும் அதேதான். கிரானைட் க்ரம்பிள் ஆகுதுன்னு தப்பித்தவறிக்கூட எழுதிடாதீங்க, கல்லே மட்டம்னு அர்த்தமாயிடும், அப்புறம் அந்த பையர் திரும்ப வரமாட்டார்.

மாம்பழ கூழ் ஃபேக்டரிக்கு சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. பெங்களூரா மாங்காய கட் பண்ணி போடறது டைஸ், ஸ்லைஸ், சங்க்ஸ், இதெல்லாம் வேணும்னே வெட்டினது, உடைஞ்சது இல்ல. உடைஞ்சு கலந்து வந்த துண்டுங்கள லேபிள்லயும் ஸ்பெக்லயும் "ப்ரோக்கன் பீசஸ்"னே போட்டுடலாம், அங்க அதுதான் சரி.

டீத்தூள் கதை தெரிஞ்சுக்குங்க, ஏன்னா டஸ்ட்னா அழுக்குன்னு நெனச்சு சங்கடப்படறவங்க இருக்காங்க. டீ ஃபேக்டரில இலைய சலிச்சு பிரிக்கும்போது முழு இலை ஒரு தரம், உடைஞ்சது ப்ரோக்கன், அதவிட பொடி ஃபேன்னிங்ஸ், கடைசி சல்லடைல நிக்கற நைசான தூள் டஸ்ட். நம்ம டீக்கடைல பால்ல போட்டா சட்டுன்னு சாயம் எறங்குதே அது பெரும்பாலும் டஸ்ட் டீதான், பாக்கெட்லயே போட்டிருக்கும். அதே மாதிரி அரிசி ஏற்றுமதில "ஃபைவ் பர்சென்ட் ப்ரோக்கன்"னு ஒரு தரமே இருக்கு, நூத்துக்கு அஞ்சு பங்கு வரைக்கும் குருணை இருக்கலாம்னு அர்த்தம், அது கம்ப்ளெயின்ட் கிடையாது, விலை பேசறதே அத வெச்சுத்தான். அந்தந்த தொழில்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் நிலைச்சு போயிருக்கும், டிக்ஷனரில அது கிடைக்காது, பையரோட பழைய மெயில்களத்தான் திரும்ப படிக்கணும். அவங்க உங்க கல்ல பத்தி எந்த வார்த்தைல பேசறாங்களோ அத ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க. ஜல்லிக்கு நம்ம ஊர்ல ப்ளூ மெட்டல்னு இங்கிலீஷ்லயே பேரு வெச்சிருக்கோம், ஐரோப்பாக்காரருக்கு அப்படி எழுதினா அவர் ஏதோ நீலக் கலர் உலோகம்னு குழம்புவார், "க்ரஷ்டு ஸ்டோன்" இல்லன்னா "அக்ரிகேட்"னு போடுங்க.

அடுத்தது எண்ணிக்கை. சிப், ஷார்டு, ஸ்பிளின்டர், ஃப்ளேக், ஃப்ராக்மென்ட், க்ரம்ப், இதையெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம், எஸ் போடலாம். டெப்ரீ, ரப்பிள், டஸ்ட், க்ரிட், இதுங்களுக்கு எஸ் கிடையாது, முன்னாடி "எ"யும் கிடையாது. டெப்ரீங்கற வார்த்தைல கடைசி எஸ் எழுத்துல இருக்கும், சொல்லும்போது வராது, ஃப்ரெஞ்சுல இருந்து வந்தது. டெப்ரிஸ்னு சொல்றத இன்னைக்கோட விட்டுடுங்க. ரப்பிள்னா இடிஞ்ச கட்டடத்தோட கல்லும் செங்கலும் மட்டும், டெப்ரீன்னா எது உடைஞ்சாலும் செதறிக் கிடக்கற குப்பை மொத்தமும். வீடு இடிஞ்சு செங்கலுக்கு அடில மாட்டினவர் "அண்டர் தி ரப்பிள்", விமானம் விழுந்து வயல் பூரா செதறினது டெப்ரீ.

ஸ்க்ராப் இந்த கும்பல்ல சேராது. அது உடைஞ்சதுங்கறத விட மிச்சம்ங்கறத சொல்லும், தையல்காரர்கிட்ட மிஞ்சின துணி, மிச்ச சோறு, கிழிச்ச காகிதம், எடைக்கு போடற இரும்பு. 1914ல பெல்ஜியத்தோட நடுநிலைய காப்பாத்தறோம்னு 1839ல போட்ட ஒப்பந்தத்த ஜெர்மன் சான்சலர் பெத்மான் ஹோல்வெக் "ஒரு ஸ்க்ராப் ஆஃப் பேப்பர்"ங்கற அர்த்தத்துல பேசினார்னு பெரிய கொந்தளிப்பே ஆச்சு, ஒண்ணுக்கும் ஒதவாத காகிதத் துண்டுங்கற தொனி அதுல இருக்கு. அதனால பையருக்கு அனுப்பற சாம்பிள் கல்ல "ஸ்க்ராப் பீஸ்"னு எழுதாதீங்க, "ஆஃப்கட்"னு எழுதுங்க. வெட்டினது போக மிஞ்சின நல்ல துண்டுக்கு அதுதான் பேரு.

ஷ்ராப்னெல்னு நியூஸ்ல படிப்பீங்க, குண்டு வெடிச்சு செதர்ற உலோக துண்டு. ஹென்றி ஷ்ராப்னெல்ங்கற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி கண்டுபிடிச்ச குண்டுக்கு அவர் பேர வெச்சாங்க, அவர் குண்டுக்குள்ள சின்ன சின்ன உருண்டைங்கள நெரப்பியிருந்தார், இப்ப எந்த குண்டோட செதறலுக்கும் அதே பேராயிடுச்சு. சுக்குநூறா போச்சுங்கறதுக்கு ஸ்மிதரீன்ஸ்னு அயர்லாந்து மொழில இருந்து வந்த அழகான வார்த்தை ஒண்ணு இருக்கு, எப்பவும் பன்மைதான், ஒரே ஒரு ஸ்மிதரீன் கிடையாது. கேக்க நல்லா இருக்கும், கதைல எழுதலாம், பேச்சுல சொல்லலாம், இன்சூரன்ஸ் மெயில்ல வேண்டவே வேண்டாம்.

இலக்கணத்துல ஒரே ஒரு இடம். உடைஞ்சு துண்டாச்சுனு நடந்தத சொன்னா "இன்டு", "இட் ப்ரோக் இன்டு த்ரீ பீசஸ்". துண்டு துண்டா கிடக்குன்னு நெலமைய சொன்னா "இன்", "இட் வாஸ் லையிங் இன் பீசஸ்". எத்தன துண்டுன்னு தெரிஞ்சா எண்ணிக்கைய கண்டிப்பா எழுதுங்க. எந்த வார்த்தைன்னு முடிவு பண்ண முடியலையா, ஃப்ராக்மென்ட்னு போடுங்க. அது எல்லா பொருளுக்கும் பொருந்தும், கூரா மொண்ணையா நீளமா தட்டையானு எதையும் சொல்லாது, முழுசா இருந்த ஒண்ணோட ஒரு பகுதின்னு மட்டும் சொல்லும், ரிப்போர்ட் நடைக்கு நல்லா ஒட்டும். பெட்டி மேல ஃப்ராஜைல்னு ஸ்டிக்கர் ஒட்டறீங்களே, எலும்பு முறிஞ்சா ஃப்ராக்ச்சர்ங்கறாங்களே, எல்லாம் உடைக்கறதுங்கற ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்ததுங்கதான்.

எலும்புன்னதும் உங்க அக்கா ஞாபகம் வந்துடுச்சு. அவங்களுக்கு இங்க ஃப்ராக்மென்ட்தான் கை கொடுக்கும், எலும்பு துண்டுக்கு "போன் ஃப்ராக்மென்ட்", ஓரத்துல சின்னதா பேந்திருந்தா "சிப் ஃப்ராக்ச்சர்", ரெண்டுக்கு மேல துண்டா நொறுங்கியிருந்தா டாக்டர் "கம்மின்யூட்டட் ஃப்ராக்ச்சர்"னு எழுதியிருப்பார், அத அப்படியே எடுத்து எழுதணும், தனியா "ஸ்மால் ஸ்மால் பீசஸ்"னு சேக்க வேண்டாம். கைல கால்ல ஏறினதுல மரச் சிராய்னா ஸ்பிளின்டர், கருவேல முள்ளுன்னா தார்ன், முள்ளு உடைஞ்ச துண்டு இல்ல, செடில மொளைச்சது. மீன் முள்ளு தொண்டைல மாட்டினா அதுக்கு தார்ன் போடக்கூடாது, "ஃபிஷ் போன்", தமிழ்ல முள்ளுன்னு சொல்றதனால இந்த தப்பு நம்ம ஊர் ஆஸ்பத்திரி சீட்டுல நெறைய வருது. என்ன ஏறியிருக்குன்னு எடுக்கற வரைக்கும் தெரியலன்னா "ஃபாரின் பாடி"ன்னு எழுதிட்டு, எடுத்தப்புறம் பொருள எழுதி அளவு கொடுத்து, முழுசா வந்துச்சா முனை உடைஞ்சு உள்ள நின்னுச்சாங்கறத தனி வரியா சேக்கணும். அந்த ஒரு வரி இல்லாததனால காயம் ஆறாம திரும்ப வர்றப்ப அடுத்து பாக்கறவருக்கு எங்க தேடறதுன்னே தெரியாம போயிடுது, தயவு செஞ்சு அக்காகிட்ட இத மட்டும் அழுத்தி சொல்லுங்க.

திருத்த மெயில இன்னைக்கே அனுப்பிடுங்க தம்பி, தள்ளிப்போட போட சந்தேகம் வலுக்கும். அதோட ஏழு ஸ்லாப்புக்கும் நம்பர் வாரியா போட்டோ சேத்து, ஒவ்வொரு பொக்கைக்கு பக்கத்துலயும் ஸ்கேல் வெச்சு எடுக்க சொல்லி பையர கேளுங்க. அடுத்த லோடு ஏத்தறதுக்கு முன்னாடி நாலு ஓரமும் தெரியற மாதிரி நீங்களே யார்டுல படம் எடுத்து தேதியோட வெச்சுக்குங்க.